ஃப்ளெக்ஸில் மாறிப்போன சின்னம்

நான் வேலை பார்த்த பீரங்கிப் படைப்பிரிவின் வரலாற்றை ஓய்வுபெற்ற பிறகு எழுதத் தொடங்கினேன். யாரும் கேட்கவில்லை. எந்த மாதம் எந்த முகாமுக்கு மாறினோம், தோள்பட்டைச் சின்னம் எப்போது திருத்தப்பட்டது என்பதையெல்லாம் தேதியோடு தொகுத்துவந்தேன். திருநகர் வீட்டில் அதைப் படிக்க ஆளில்லை. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள், மகள் வெளிநாட்டில். எழுமலையில் இருந்த நண்பனுக்குத்தான் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் வாசித்துக்காட்டுவேன். இருவரும் ஒரே பீரங்கியில் நின்றவர்கள். அவன் குறிவைப்பான், நான் குண்டு ஏற்றுவேன்.

"தப்புடா. அது மழைக்கு முந்தி. எழுதுறதுக்கு முன்னால என்னையக் கேக்க மாட்டியா?" என்பான். எங்கள் பிரிவில் இந்தப் பக்கம் மிஞ்சியது நாங்கள் இருவர்தான்.

போன சித்திரையில் அவன் இறந்தான். உசிலம்பட்டியில் பஸ் மாறிப் போய் இறங்கினேன். தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ். அவன் படத்துக்கு மேலே இரண்டு துப்பாக்கிகள் குறுக்காகக் கிடந்தன. காலாட்படைக்காரர்களின் சின்னம், கடைக்காரர் இணையத்தில் அகப்பட்டதைப் போட்டிருக்கிறார்.

அவன் மகனிடம் மெதுவாகச் சொன்னேன்.

"பட்டாளம்னா துப்பாக்கிதானே மாமா?"

"உங்கப்பன் பீரங்கிக்காரன்ப்பா."

பக்கத்தில் நின்ற நண்பனின் மைத்துனர் என் பக்கம் திரும்பினார். "அது கெடக்கட்டும்ணே. ஒங்க படைக்கொடி ஒண்ணு கொண்டாந்திருந்தா மேல போத்தியிருக்கலாம்ல?"

"எங்களுக்கு அப்படிக் கொடி கிடையாது. மத்தவங்களுக்குக் கொடி எப்படியோ, எங்களுக்குப் பீரங்கி அப்படி. அதுக்குத்தான் சல்யூட் அடிப்போம்."

"அப்பப் பீரங்கியையில்ல இழுத்துட்டு வந்திருக்கணும்! கைய வீசிக்கிட்டு வந்திருக்கீகளே!"

பந்தலில் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது.

ஆனாலும் அடுத்தவர் சின்னத்தின் கீழே அவனை அனுப்ப மனம் வரவில்லை. வெள்ளை அட்டையும் ஸ்கெட்ச் பேனாவும் வாங்கிவரச் சொல்லி, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வரைந்தேன். பழங்காலப் பீரங்கி, அதன் நீண்ட குழல், பெரிய சக்கரம். சக்கரத்துக்குள் ஆரக்கால்களைப் போடும்போது கை நின்றுவிட்டது. எட்டா, பத்தா? அத்தனை வருஷம் தொப்பியில் நெற்றிக்கு மேல் சுமந்த சின்னம். சங்கு ஊதிவிட்டார்கள். உள்ளே போய் அவனைக் கேட்டுவிடலாம் என்று எழுந்தேன். எழுந்து நின்ற பிறகுதான் உறைத்தது.

உட்கார்ந்து பத்து போட்டேன். மகன் அட்டையை வாங்கித் துப்பாக்கிகளின் மேல் ஒட்டினான்.

"இப்பச் சரியா இருக்கா மாமா?"

கூட்டத்தைப் பார்த்தேன். தப்பு என்று ஒருவரும் சொல்லவில்லை.

"இருக்குப்பா" என்றேன்.