பஸ்ஸில் ஓடிய டெத் மெட்டல்

என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, திருச்சியில் நான்கு நண்பர்களோடு சேர்ந்து ஓர் இசைக்குழு வைத்திருந்தார். அவர்கள் வாசிப்பதற்கு மெலோடிக் டெத் மெட்டல் என்று பெயர். கிட்டார் ஒரு பக்கம் ராகமாக இழைந்துகொண்டு போகும். அதன்மேல் ஒருவர் அடித்தொண்டையிலிருந்து கர்ஜிப்பார். அந்த வேலை மாமாவுடையது. பாடுவது தமிழில்தான் என்றார். நம்புவதைத் தவிர வழியில்லை. வீட்டில் அதிர்ந்து பேசாத மனிதர் இப்படிக் கத்துவதில் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

முதல் ஆல்பம் முடிந்ததும் அதைப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு மணமேல்குடியில் எங்கள் வீட்டுக்கு வந்தார். அக்கா கேட்டால் போதும் என்பது அவர் ஆசை. ஆனால் அந்த அக்கா, என் அம்மா, அவரோடு பேசுவதையே விட்டிருந்தாள். முந்தைய வருடம் தாத்தா இறந்தபோது, கொள்ளி வைத்த மாமா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. மரக்கட்டை மாதிரி நின்றான் என்று சொந்தபந்தமெல்லாம் பேசியது. அம்மா அதை மனதில் வைத்துக்கொண்டிருந்தாள்.

“அப்பா செத்ததுக்கு அழுகத் தெரியல. இப்ப சாவுப் பாட்டு பாடுறாராம்ல தொரை,” என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

நடுவில் மாட்டிக்கொண்டவர் அப்பா. மணமேல்குடிக்கும் மீமிசலுக்கும் இடையே தனியார் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். “பஸ்ஸுல போட்டுப் பாப்போம் மாப்ளே. தேறுமா தேறாதான்னு சனமே சொல்லிரும்,” என்றார். எந்தப் பாட்டையும் அவர் அப்படித்தான் எடை போடுவார். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை என்றால் நல்ல பாட்டு.

மறுநாள் பள்ளிக்கூடம் லீவு. நானும் பஸ்ஸில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். மாமா தைரியமில்லாமல் வீட்டிலேயே இருந்துவிட்டார். கிட்டார் மட்டும் ஒலித்தவரை எல்லோரும் சும்மா இருந்தார்கள். மாமா வாயைத் திறந்ததும் பஸ் கலவரமானது. காலேஜ் அண்ணன்கள் விசிலடித்தார்கள். ஒரு பெரியவர் ஸ்பீக்கர் கெட்டுவிட்டதாகக் கண்டக்டரிடம் புகார் சொன்னார். மீன்கூடையோடு ஏறியிருந்த ஒரு பெண் மட்டும் இரண்டு பாட்டு வரைக்கும் பொறுத்திருந்தார்.

“டிரைவரண்ணே, யாரு பெத்த புள்ளயோ, இந்த அழுகை அழுகுது. நிப்பாட்டிட்டு அதுக்கு ஒரு வாய் சோறு குடுங்கண்ணே,” என்றார்.

பஸ்ஸே சிரித்தது. அப்பா சிரிக்காமல் பாட்டை நிறுத்தினார்.

மதியச் சாப்பாட்டுக்கு பஸ் எங்கள் வீட்டெதிரில்தான் நிற்கும். இறங்கி ஓடி, தீர்ப்பை நான்தான் முதலில் சொன்னேன். பாட்டை நிறுத்தச் சொன்னதையும், யாரோ அழுகிறதாக மீன்காரம்மா சொன்னதையும் விடாமல் ஒப்பித்தேன். மாமா தட்டின்மேல் தலையைக் குனிந்துகொண்டார். குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது.

“அழுகுறான்னா சொல்லுச்சு?” என்று அப்பாவைக் கேட்டாள்.

அப்பா தலையாட்டினார்.

“போட்டு விடுங்க. நான் கேக்குறேன்.”

காலி பஸ்ஸில் அம்மா தனியாக உட்கார்ந்து கேட்டாள். ஜன்னல் கண்ணாடிகள் கடகடவென்று ஆடின. வீட்டுக்குள் மாமா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பஸ் கிளம்பும் நேரம் தாண்டியது. டைமிங் தவறினால் பின்னால் வரும் பஸ்காரன் சண்டைக்கு வந்துவிடுவான். அதற்குப் பயந்து பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடுகிறவர் அப்பா. அன்று கண்டக்டர் வந்து கூப்பிட்டபோது, “இருப்பா, பாட்டு முடியட்டும்,” என்றார்.

அம்மா இறங்கி வந்தபோது கண்ணும் மூக்கும் சிவந்திருந்தன. நேரே மாமாவிடம் போனாள். “சோறு ஆறிப்போச்சேடா,” என்று தட்டை வாங்கிக்கொண்டு போய், சுடுசோறு போட்டுக் கொண்டுவந்தாள். ஒரு வருடத்துக்குப் பிறகு அவரிடம் அவள் பேசியது அதுதான். மாமா முகத்தை நிமிர்த்தாமல் சாப்பிட்டார்.

எனக்கு அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது. இவ்வளவு பாடுபட்டுப் பாடியும் சொந்த அக்காவுக்கே பிடிக்கவில்லை. கேட்ட கொடுமை தாங்காமல் அழுதேவிட்டாள். கைகழுவப் போனவரின் பின்னாலேயே போய், சட்டையைப் பிடித்து இழுத்து ஆறுதல் சொன்னேன்.

“விடுங்க மாமா. அடுத்த தடவ யாரும் அழுகாத மாதிரி பாடிருவோம்.”