வெளுத்த மிட்டாய்

நான் வெடித்துவிடுவேன் என்று சரியாக நாலேகால் மணிக்கு வீட்டில் முடிவாயிற்று. எனக்கு அப்போது ஏழு வயது.

போன வாரம் என் மகன் கோலிக்குண்டை முழுங்கினான். தானாக வந்துவிடும் என்றார் டாக்டர், வந்தும்விட்டது. என் நடுக்கம்தான் இன்னும் நிற்கவில்லை. அந்த நடுக்கத்தில்தான் இது ஞாபகம் வந்தது.

நாரணாபுரத்தில் எங்கள் வீட்டு ஆண்கள் எல்லோரும் பட்டாசுக் கம்பெனி ஆட்கள். அப்பாவின் தங்கையான அத்தைக்கு மட்டும் சாத்தூரில் மிட்டாய்க் கடை. சித்திரைப் பொங்கலுக்கு அவள் காய்ச்சிக் கொடுத்த சீனி மிட்டாயை வெயிலில் பிடித்தால் மறுபக்கம் தெரியும். அம்மா அதில் கொஞ்சத்தை, கம்பெனியிலிருந்து வந்த ஒரு காலி வெடியுப்பு டின்னைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவி, அதற்குள் போட்டுப் பரணில் ஒளித்தாள். பிறகு அவளே மறந்துபோனாள்.

தீபாவளி சீசன் முடிந்து, கம்பெனிக்கு லீவு விட்டிருந்த மழைநாளில் நான் பரண் ஏறினேன். மிட்டாயின் பளபளப்பு போயிருந்தது. சுண்ணாம்புக் கட்டிபோல வெளுத்து, கடித்தால் பொடியாக உதிர்ந்தது. ஆனால் இனித்தது. தின்றது போக மீதியைச் சித்தப்பாவிடம் காட்டினேன். விரலால் நசுக்கிப் பார்த்தார். டின்னைப் பார்த்தார்.

“மதினி, இது மிட்டாய் இல்ல! வெடியுப்புல்ல ஏறிக் கெடக்கு!”

“இனிக்குதே சித்தப்பா.”

“பேசாத பிள்ள! பல்லும் பல்லும் உரசப்போகுது!”

அதன்பின் எல்லாம் கம்பெனிச் சட்டப்படி நடந்தது. உரசல் கூடாது என்று கொலுசைக் கழற்றினார்கள். இரும்பு ஆகாது என்று சட்டையில் குத்தியிருந்த ஊக்கை எடுத்தார்கள். அடுப்பை அணைத்தார்கள். முற்றத்தில் ஈரச்சாக்கை விரித்து உட்காரவைத்து, தலையில் ஒரு வாளித் தண்ணீரும் ஊற்றினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போக அப்பா பைக்கை எடுத்தார். சித்தப்பா சாவியைப் பிடுங்கிக்கொண்டார்.

“ரோடு இருக்கிற இருப்புக்குப் பிள்ள குலுங்குமேண்ணே!”

“அப்ப டாக்டர இங்கன கூட்டிட்டு வா!”

“வந்து நெஞ்சுல குழாய வைப்பாரு. அதுவும் இரும்புல்ல?”

ஆண்கள் காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் போய் நின்று யோசித்தார்கள். அம்மா மட்டும் ஈரச்சாக்கில் உட்கார்ந்து என்னை மடியில் இறுக்கிக்கொண்டாள். எனக்கு விக்கல் எடுத்தது. ஒவ்வொரு விக்கலுக்கும் சுவரின் மேல் தெரிந்த தலைகள் குனிந்து எழுந்தன.

விஷயம் இவ்வளவுதான். பாகு சட்டென்று ஆறும்போது அதிலுள்ள துகள்களுக்கு வரிசையாக நிற்க நேரம் கிடைப்பதில்லை. கலைந்து கிடந்தபடியே இறுகிவிடுகின்றன. ஜன்னல் கண்ணாடியும் அப்படி இறுகியதுதான். இறுகிய பிறகும் மிட்டாயின் துகள்கள் சும்மா இருப்பதில்லை; மெல்ல மெல்ல அசைந்து இடம் தேடுகின்றன. சீனியில் மழை ஈரமும் பட்டுவிட்டால் விறுவிறுவென்று வரிசை கட்டிவிடுகின்றன. உடனே வெளுத்துவிடும். டின்னிலிருந்து எதுவும் ஏறவில்லை. மிட்டாய்க்கு வயதாகியிருந்தது.

தகவல் போய், இருட்டுவதற்குள் சாத்தூர் பஸ்ஸில் அத்தை வந்து இறங்கினாள். டின்னுக்குள் கைவிட்டு ஒன்றை எடுத்து நறநறவென்று கடித்தாள். தலைகள் குனிந்தன.

“சீனி பூத்துப்போச்சு. மழைக்காத்துக்குப் பூக்காம என்ன செய்யும்? ஏலே தம்பி, சுவர விட்டு உள்ள வா. அண்ணே, நீங்களுந்தான்.”

அம்மா என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். பிறகு என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அடி பரண் ஏறியதற்கு என்று தெரிந்தது. அழுகை எதற்கென்று விளங்கவில்லை. அத்தை சுவரைப் பார்த்தாள், ஈரச்சாக்கைப் பார்த்தாள், குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

“வெடிக்கும்னு நெனச்சுக்கிட்டேவா மதினி, பிள்ளய மடியில வச்சிருந்தீக?”