எலிசாளின் பகல் உறக்கம்

எலிசாளுக்கு எதையும் ஆறப்போடத் தெரியாது. பஸ் வளைவில் தலைகாட்டும்போதே சில்லறையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நிற்கிற ரகம். அமெரிக்காவுக்கு நர்சாகப் போன பிறகும் அந்தப் பரபரப்பு அவளை விடவில்லை. மூன்று வருஷம் கழித்து, 1978-ல், ஊருக்குப் போக இரண்டு வார லீவு கிடைத்தது. போன இடத்தில் பகலெல்லாம் தூங்கி வழிந்து லீவைத் தொலைத்தவர்களின் கதையை அவள் நிறையக் கேட்டிருந்தாள். அமெரிக்காவில் இரவென்றால் திருவனந்தபுரத்தில் பகல். ஆகவே, ஊர்ப் பகலுக்கு உடம்பு இப்போதே பழகட்டும் என்று, புறப்படுகிறவரைக்கும் ஒரு மாதம் நைட் டூட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். கூட வேலை செய்தவர்கள் இவளுக்குக் கிறுக்கு என்றார்கள்.

எல்லாம் கிரேஸிக்காக. ஒரு வயதில் விட்டுவிட்டு வந்த மகள். புருஷன் திரவியத்துக்குச் சாலைக் கடைத்தெருவில் ஒரு இரும்புக்கடையில் வேலை. குழந்தையை வளர்த்தது அவனுடைய அக்காள் ரத்னாபாய். தன் புருஷன் செத்த பிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். பிள்ளை அக்காளைத்தான் அம்மா என்கிறது என்று திரவியம் வேடிக்கைபோல எழுதியிருந்தான். எலிசாளுக்கு அதில் ஒரு வேடிக்கையும் தெரியவில்லை. திரும்பி விமானம் ஏறுவதற்குள் தன் முகத்தைப் பார்த்து ஒரு தடவையாவது அந்தச் சொல்லைச் சொல்ல வைத்துவிட வேண்டும்.

லண்டனில் விமானம் மாறினாள். பம்பாயில் சுங்கக்காரர்கள் கிளறிப்போட்ட பெட்டியை முழங்காலால் அமுக்கிப் பூட்டினாள். மற்றவர்கள் ஜன்னலை மூடிக் குறட்டை விட்டபோதும், ஊரில் பகலாயிருக்கும் என்று தோன்றிய நேரமெல்லாம் முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டு கொட்டக் கொட்ட விழித்திருந்தாள். திருவனந்தபுரத்தில் காலையில் இறங்கியபோது அவளுக்குத் துளி அலுப்பில்லை. வேன் பிடித்துத் தெருவே வந்திருந்தது. கிரேஸி மட்டும் ரத்னாபாயின் சேலையில் புதைத்த முகத்தை எடுக்கவில்லை.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. கடைக்கு வருகிற ஒரு கம்பவுண்டர் திரவியத்தின் காதில் ஓதியிருந்தார்: அமெரிக்காவிலிருந்து வருகிறவர்களுக்கு ராப்பகல் புரண்டுபோகும், பகலில் உறங்க விடாவிட்டால் மூளை கலங்கும். வீடு அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டது. காலைச் சாப்பாடு ஆனதும் ரத்னாபாய் அறை ஜன்னலைச் சாத்தினாள்.

“கொஞ்சம் உறங்கு பிள்ளே. குழந்தைய நான் பாத்துக்கிடுதேன்.”

உறக்கம் வரவில்லை என்று எலிசாள் சொல்லிப் பார்த்தாள். அதுதான் வியாதியின் அடையாளம் என்றாள் ரத்னாபாய். ராத்திரியில் எலிசாள் அடித்துப்போட்டதுபோல் தூங்கினாள்; எவ்வளவு களைப்பு பாருங்கள் என்று அதற்கும் பரிதாபப்பட்டார்கள். புருஷனின் அக்காள், தன் பிள்ளையை இடுப்பில் சுமந்து வளர்த்த மைனி; அவளை எந்த வாயால் எதிர்த்துப் பேசுவது? வார்டில் டாக்டர்களையே விரட்டுகிறவள் இங்கே பெட்டிப்பாம்பாய் அடங்கிப் படுத்தாள்.

படுத்தாளே தவிர, கண் மூடவில்லை. புரண்டாள், எழுந்து உட்கார்ந்தாள், கதவுவரை போய்த் திரும்பினாள். வெளியே மகளின் சிரிப்பு கேட்டது. லீவு கரைந்துகொண்டிருந்தது. பிள்ளையைத் தன்னிடமிருந்து ஒளிக்கத்தான் இந்த உபசாரமெல்லாம் என்று மைனிமேல் வயிறு எரிந்தது.

ஒரு நாள் ஜன்னலுக்கு வெளியே, கிணற்றடியில், ரத்னாபாயின் தணிந்த குரல் கேட்டது. உள்ளே இருப்பவள் உறங்குகிறாள் என்ற தைரியம் அவளுக்கு.

“உள்ள கெடக்கதுதான் அம்மா. நான் அத்தை. சொல்லு மக்கா, அத்தை.”

குழந்தை மாட்டேன் என்றது. அவள் கெஞ்சினாள். சின்னக் கை பட்டுப்பட்டென்று அவளை அடிக்கிற சத்தம் கேட்டது. மறுபடியும் ‘அத்தை’ என்று சொல்லிக் கொடுத்தபோது ரத்னாபாயின் குரல் உடைந்துபோயிற்று.

அன்று முதல் தினமும் அதே பாடம். எலிசாள் இருட்டில் கிடந்து கேட்டாள். மைனியைத் தப்பாக நினைத்ததற்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும், சொல்லிவிடு மகளே, சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டதை அவளால் தடுக்க முடியவில்லை. எந்த மனசு எப்போது நியாயம் பார்த்தது?

லீவு முடியப்போகிற சமயம், அவள் கதவைத் திறந்துகொண்டு நேரே கிணற்றடிக்குப் போனாள். குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த ரத்னாபாய் திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

“எனக்குப் பகல்ல உறக்கமே இல்ல மைனி. எல்லாம் கேட்டுட்டுத்தான் கெடந்தேன்.”

ரத்னாபாய் கையிலிருந்த செம்பைக் கீழே வைத்தாள். பிறகு குழந்தையைத் துண்டோடு தூக்கி எலிசாளின் கையில் கொடுத்தாள்.

“நான் கண்ணுமுன்னால நிக்கதுனாலதான் அது சொல்ல மாட்டேங்குது” என்று சொல்லிவிட்டு, அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள்.

கிரேஸி ஈர உடம்போடு நழுவி இறங்கி ஓடினாள். இரண்டு கையாலும் கதவை அடித்தாள். “அம்மா, அம்மா” என்று மூச்சு முட்டக் கதறினாள். உள்ளே அசைவில்லை. எலிசாள் தொட்டதும் உதறிவிட்டு இன்னும் பலமாக அடித்தாள். அந்தச் சொல்லைக் கேட்கத்தான் எலிசாள் கடல் கடந்து வந்திருந்தாள். குழந்தையின் தலைக்கு மேலாகக் கையை நீட்டி அவளும் கதவைத் தட்டினாள்.

“கதவத் தொறங்க மைனி. உங்களத்தான் கூப்பிடுதா.”