கிரான் பஸ்ஸில் மாமியின் குரல்

உன்னிச்சைக் கந்தப்போடியாருக்கு நாலு ஆணும் ஒரு பெண்ணும். அதில் மூன்றாவது திவாகரன், லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் திருத்துகிறவன். கிரானில் விதுர்ஷாவைக் கலியாணம் முடித்து, நம் பக்கத்து வழக்கப்படி பெண் வீட்டிலேயே குடியிருக்கிறான். வீடு விதுர்ஷாவின் சீதனம் என்றாலும், அங்கே சொல் நடப்பது அவள் தாய் ஆச்சிப்பிள்ளைக்குத்தான். ஆச்சிப்பிள்ளை கந்தப்போடியாரின் பெரியம்மா மகளுக்கு மச்சாள் முறை, ஆக அந்நியமும் இல்லை. இருந்தும் மாமியும் மருமகனும் நேருக்கு நேர் பேசுவதில்லை. எதுவானாலும் கதவுக்குப் பின்னால் நின்று மகளிடம் சொல்லி அனுப்புவார். மரியாதை அப்படி.

திவாகரனுக்கு ஒரு பித்து உண்டு. போனில் பஸ் ஓட்டும் விளையாட்டு. அதில் இருந்ததெல்லாம் வெளிநாட்டு பஸ். இவன் கணினியில் இரா முழிப்பு முழித்து, மட்டக்களப்பிலிருந்து வாழைச்சேனைக்கு ஓடும் நம்முடைய பஸ்ஸைச் செய்து அதற்குள் புகுத்தினான். இப்படிப் பிறர் செய்த விளையாட்டில் தன் கைவேலையைச் சேர்த்தால் அதற்கு மோட் என்று பெயராம்.

விளையாட்டில் பஸ் தரிப்பிடத்தில் நிற்கும் பெண்ணுக்கு ஒரு குரல் தேவைப்பட்டது. ஒருநாள் வீட்டு வாசல் படலையடியில் நின்று பஸ் இரைச்சலைப் போனில் பிடித்துக்கொண்டிருந்தான். ஆச்சிப்பிள்ளை கை காட்டியும் பஸ் நிற்காமல் போக, அவர் போட்ட சத்தமும் சேர்ந்து விழுந்துவிட்டது.

"அறுவானே, மனிசி கை காட்டுறது தெரியல்லையா? உன்ர கண்ணை எந்தக் காகம் கொத்தினது?"

வேறு குரல் கிடைக்கும்வரை இருக்கட்டும் என்று அதையே வைத்தான்.

தம்பி தமையன்மார் ஓட்டிப் பார்த்துக் குறை சொல்வதற்கு, இணையத்திலுள்ள ஒரு பொதுக் களஞ்சியத்தில் போட்டான். செய்நிரல் எழுதுகிறவர்கள் தங்கள் வேலையைத் திறந்துவைக்கும் இடம் அது. பூட்டில்லை, யாரும் வரலாம், எடுக்கலாம். 'சோதனைப் பதிப்பு' என்று எழுதி, அங்கே போகும் இணைப்பை உடன்பிறந்தாருக்கு மட்டும் அனுப்பினான். வயல் வட்டைக்குள் சூடடிக்கும் களவெட்டியில் நெல் திறந்துதானே குவிந்து கிடக்கிறது, அளந்து முடியுமுன் அயலான் ஒரு மணி தொடுவானா? சோதனை என்று எழுதியதை யார் தொடப்போகிறார்கள் என்பது அவன் நினைப்பு.

தொட்டார்கள். தூரத்துக் காலியிலும் குருநாகலிலும் தொட்டார்கள். பஸ் இரைச்சல் நல்லது என்றார்கள், ஏசுகிற மனிசி அதைவிட நல்லது என்றார்கள். பதறிப்போய்க் குரலை எடுத்துப் புதிய பதிப்பைப் போட்டான். பழையது அதற்குக் கீழேயே கிடந்தது. அதையும் அழித்தான். அதற்குள் பலர் களஞ்சியத்தையே நகலெடுத்துத் தங்கள் பேரில் வைத்துவிட்டார்கள். தான் அழித்த ஒன்று எப்படி ஊரான் வீட்டில் உயிரோடு இருக்கும்? அவனுக்கு அது பிடிபடவேயில்லை. மாமி அறிந்தால் இந்த வீட்டில் எந்த முகத்தோடு இருப்பது? பெட்டியைத் தூக்கிக்கொண்டு தகப்பன் வீட்டுக்குப் போன ஆம்பிளையை உன்னிச்சை என்ன சொல்லும் என்பதும் அவனுக்குத் தெரியும்.

சந்தையில் ஓட்டமாவடி நிஸ்தார் மீன் விற்கிறவர். ஆளில்லாத நேரம் போனில் பஸ் ஓட்டுவார். ஆச்சிப்பிள்ளை குனிந்து நாள்பட்ட மீனா, உடன் மீனா என்று பார்த்துக்கொண்டிருக்க, போனுக்குள்ளிருந்து அவரது குரலே அவரை ஏசியது.

நிஸ்தார் போனையும் பார்த்தார், ஆளையும் பார்த்தார். "மாமி, இதுக்குள்ளயும் நீங்கதான், இஞ்சயும் நீங்கதானா?" என்றவர், செய்தவன் பேரையும் காட்டிவிட்டார்.

மீன் வாங்காமலே வீட்டுக்கு வந்த ஆச்சிப்பிள்ளை நடந்ததை மகளிடம் சொல்லி, மருமகனைக் கேட்கச் சொன்னார். நீங்களே போய்க் கேளுங்கள் என்று விதுர்ஷா ஒதுங்கிக்கொண்டாள். திவாகரன் முற்றத்தில் நின்றான். மாமி கதவைத் தாண்டி வெளியே வந்தார்.

"மருமகன், நான் அப்பிடிக் கத்தியும் உங்கட பஸ் நிக்காமப் போகுதே. ஏன்?"

"அது சோதனை மாமி. நிக்கிற வேலை இன்னும் சரிவரல்ல."

"சரிவராத சாமானை ஏன் ஊருக்குக் குடுத்தீங்க?"

மாமி விடவில்லை.

"என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டீங்களா?"

"இல்ல மாமி."

"முதல்ல பஸ்ஸ நிப்பாட்டுங்க. பொறகு பாப்பம்."

இது மன்னிப்பா, கட்டளையா? விதுர்ஷாவைக் கேட்டான், அவளுக்கும் தெரியவில்லை. சில நாள் மண்டையை உடைத்து, கை காட்டினால் பஸ் நிற்கச் செய்தான். களஞ்சியத்தில் போடுமுன் குசினி வாசலுக்குப் போய், குரலை வைப்பதா எடுப்பதா என்று கேட்டான். உள்ளே சட்டிகள் சத்தம் போட்டன.

"நிண்ட பஸ்ஸ ஏசுறது என்னத்துக்கு? வேற சொல்லுறன், பிடிங்க" என்றார் மாமி.

திவாகரன் போனை நீட்டினான். எந்தப் பொத்தானை அமத்துவதென்று அவனுக்கு ஒரு கணம் மறந்துபோயிற்று.