மருந்து இல்லாத காய்

கோலா தெர்லாவில் காய் பயிரிடுகிற எங்களுக்கு மருந்து என்றால் ஒன்றுதான். முதுகில் தொட்டியைக் கட்டிக்கொண்டு கோஸுக்கு அடிப்பது. உடம்புக்குப் போடுவது மாத்திரை. எங்கள் பேச்சில் இரண்டும் கலந்ததே இல்லை. அந்த ஒரு வார்த்தையில்தான் என் மனைவியை நான் பாதி தொலைத்தேன்.

லோரியில் ஏறிப் போகிற கோஸை எங்கள் வீட்டில் சமைப்பதில்லை. வீட்டுக்குப் பின்னால் தனியாக இரண்டு பாத்தி. அதில் மருந்து அடிக்க மாட்டோம். பூச்சி தின்றது போக மிச்சம் எங்களுக்கு. ஊருக்கு ஒரு காய், வீட்டுக்கு ஒரு காய். இதில் வெட்கம் இருந்ததா என்று கேட்டால், அப்போது இல்லை.

மனைவிக்கு இதயத்தில் உலோக வால்வு. கோலாலம்பூரில் ஆபரேஷன் செய்து வைத்தார்கள். அதில் ரத்தம் கட்டிவிடாமல் இருக்க ஆயுள் முழுக்க ஒரு மாத்திரை. மாதாமாதம் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் போய் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்து, மாத்திரை எவ்வளவு என்று கேட்டு வரவேண்டும். கீரை, கோஸ் போன்ற பச்சைக் காய்களை எப்போதும் ஒரே அளவாகச் சாப்பிட வேண்டும், திடீரென்று கூட்டினால் மாத்திரை சரியாக வேலை செய்யாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். அவள் அதை விரதம் மாதிரி காத்தாள். கீரையைக் கைப்பிடி அளந்துதான் சட்டியில் போடுவாள்.

அப்போதுதான் டீச்சர் வந்தார். தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் என் மனைவியின் கையைப் பிடித்து எழுதச் சொல்லிக்கொடுத்தவர். ரிட்டையர் ஆன பிறகு கேப்சூல் விற்கிறார். பழத்தையும் காயையும் பிழிந்து, காயவைத்து, தூளாக்கி அடைத்த கேப்சூல். டீச்சர் சொன்னால் அவளுக்கு வேதவாக்கு.

“ஒன் ஒடம்புக்கு இந்த மருந்து அடிச்ச காயெல்லாம் ஆவுமா, சொல்லு? இது சுத்தமான காய்லா. மருந்தே கெடையாது,” என்றார் டீச்சர்.

“டாக்டருகிட்ட ஒரு வார்த்த கேக்கணும் டீச்சர்,” என்றாள் இவள்.

“மாத்திரைன்னாதானே டாக்டரக் கேக்கணும்? இது சாப்பாடுலா.”

நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். தலையைக்கூட ஆட்டினேன். டீச்சர் பொய் சொல்லவில்லை, அதுதான் என் வயிற்றெரிச்சல். அவரும் அதையேதான் விழுங்குகிறார், குத்துக்கல் மாதிரி இருக்கிறார்.

அவளும் தினமும் விழுங்கினாள். முகம் தெளிந்துவிட்டது என்று நான்தான் சொன்னேன். அடுத்த முறை ரத்தம் பார்த்தபோது அளவு சரியில்லை. ரத்தம் எடுக்கிற நர்ஸ் மிஸ்ஸி தமிழ்ப் பெண்தான். பொறுமையாகத்தான் கேட்டார்.

“கீரை கூடுதலா சாப்பிட்டீங்களா?”

“இல்ல மிஸ்ஸி, அளந்துதான்,” என்றாள் மனைவி.

“வேற மருந்து ஏதாச்சும் எடுக்கிறீங்களா?”

மனைவி என்னைப் பார்த்தாள். அவளுக்கு ஏதோ சொல்லத் தோன்றியிருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன். முந்திரிக்கொட்டை மாதிரி நான் முந்திக்கொண்டேன்.

“மருந்தா? எங்க வீட்டுல அந்தப் பேச்சே கெடையாது மிஸ்ஸி. வீட்டுக்குன்னு தனிப் பாத்தி வச்சிருக்கோம்லா.”

பெருமையாகச் சொன்னேன். மிஸ்ஸி சிரித்துவிட்டு எழுதிக்கொண்டார். மாத்திரையைச் சற்றுக் கூட்டி, அடுத்த வாரமே வரச் சொன்னார்கள்.

நாலாம் நாள் காலையில் கோப்பையை எடுக்கப் போனாள். வலது கை மூடவில்லை. என்னைக் கூப்பிட வாயைத் திறந்தாள். சத்தம் வந்தது, வார்த்தை வரவில்லை. ரத்தக் கட்டி மூளைக்குப் போயிருந்தது.

அவள் விழுங்குகிற எல்லாவற்றையும் கொண்டுவரச் சொன்னார் டாக்டர். கேப்சூல் டப்பாவையும் பையில் போட்டுக்கொண்டு போனேன். மேலே ஒட்டியிருந்த ஆங்கிலத்தை மிஸ்ஸி எனக்காகத் தமிழில் படித்தார். கோஸ், பசலைக்கீரை, பிரோக்கோலி.

“இதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா எங்ககிட்ட சொல்லியிருக்கணுங்க,” என்றார். திட்டியிருந்தால் தேவலை.

வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்பார்கள். நான் அதிலும் கேவலம். கோஸை லோரியில் ஏற்றிவிட்டு, அதே கோஸை டப்பாவில் வாங்கி அவளுக்குக் கொடுத்திருக்கிறேன். பிழிந்து தூளாக்கினாலும் கோஸ் கோஸ்தானே? இத்தனை வருஷம் அதைப் பயிரிட்டவனுக்கு இது தோன்றவில்லை.

டீச்சர் பார்க்க வந்தார். அழுதார். பிறகு கைப்பையிலிருந்து ஒரு புது டப்பாவை எடுத்து, “நரம்புக்கு நல்லதுலா தம்பி,” என்று நீட்டினார். வெளியே போங்கள் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. அவரைத் திட்டினால் அடுத்த திட்டு எனக்குத்தான். டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் காப்பி கலக்கப் போனேன்.

இப்போது சோற்றைப் பிசைந்து கரண்டியால் நான்தான் ஊட்டுகிறேன். கீரையை அளந்து போடக் கற்றுக்கொண்டுவிட்டேன். நேற்று மதியம் முதல் வாய்க்கே முகத்தைச் சுளித்தாள்.

“பின்னால பாத்தியில பறிச்சதும்மா. மருந்து இல்ல,” என்றேன், பழக்கதோஷத்தில்.

அவள் என்னையே பார்த்தாள். வாயை இறுக மூடிக்கொண்டு, இடது கையால் கரண்டியைத் தள்ளிவிட்டாள். அவளுக்குப் பேச்சுதான் போயிருக்கிறது. காது நன்றாகக் கேட்கிறது.