நல்ல தண்ணீரில் கழுவிய பிரேம்கள்

1. திரும்பி வந்த பெட்டி

கொழும்புக்கு நாங்கள் அனுப்பிய பெட்டி திரும்பி வந்த அன்று எங்கள் பட்டறையில் ஒருவரும் மத்தியானச் சோற்றுப் பார்சலை அவிழ்க்கவில்லை.

எங்கள் பட்டறை யாழ்ப்பாணத் தீவுப்பகுதியில், வேலணையில் இருக்கிறது. கைப்பைகளுக்கும் பேர்ஸ்களுக்கும் வாயில் பூட்டுகிற உலோக பிரேம் செய்கிறோம். பழைய பாணிப் பேர்ஸ் பார்த்திருப்பீர்கள். மேலே இரண்டு குமிழ் இருக்கும். மூடினால் ஒன்றையொன்று உரசித் தாண்டி ‘டிக்’ என்று பூட்டிக்கொள்ளும். அந்த வாய்ப்பகுதிதான் எங்கள் வேலை. துணியும் தையலும் வேறு ஆட்கள்.

பட்டறையைத் தொடங்கியவர் குணம் அண்ணை. தெற்கில் ஒரு ஊரில் இரும்புக்கடை வைத்திருந்து, பிறகு ஊரோடு வந்து சேர்ந்தவர். கையால் இழுக்கிற பிரெஸ் ஒன்று, தகடு வெட்டுகிற மெஷின் ஒன்று, பொலிஷ் போடுகிற மோட்டர் ஒன்று. இவ்வளவோடுதான் ஆரம்பித்தார். நான் சேர்ந்தபோது குமிழ் ஒட்டுகிற மேசையில் இருத்தினார்கள். இப்போது கடைசிப் பரிசோதனை என் பொறுப்பு. என் பெயர் சிவமலர். பட்டறையில் மலர் என்றால்தான் தெரியும்.

பெட்டியைத் திறந்தது நான்தான். உள்ளே பித்தளை பிரேம்கள். போகும்போது பொன் மாதிரிப் போனவை. இப்போது மூலைகளிலும் இரண்டு பாதியும் சேருகிற பிணைச்சல் பக்கத்திலும் பச்சைப் புள்ளிகள். மினுக்கம் மங்காமல் பூசுகிற லாக்கருக்கு மேலே அல்ல, அடியில். துணியால் துடைத்தாலும் போகாது. பைகளின் கைத்தறித் துணியிலும் பச்சைக் கறை ஏறிவிட்டதாக அறிவித்திருந்தார்கள்.

குணம் அண்ணை ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திரும்பவும் பெட்டிக்குள் போட்டார்.

“மலர், கொழும்பு மிஸ் நாளைக்கு இஞ்சை வாறாவாம். வந்து என்ன சொல்லுவா எண்டு எனக்குத் தெரியும். வெளிநாட்டு பிரேம் மலிவாக் கிடக்கு. இந்த ஓடர் போச்செண்டால் நான் மெஷினுகளை வித்துப்போட்டுப் பேசாமல் இருக்க வேண்டியதுதான்.”

பட்டறையில் நாங்கள் ஆறு பேர். ஐந்து பேர் பெண்கள். என் வீட்டுக்காரர் தோட்டம் செய்கிறவர். வெங்காயம் நல்லாய் வந்தால் அது கடனுக்கும் உரத்துக்கும் போகும். வீட்டுச் சமையலும் பிள்ளைகளின் படிப்பும் என் சம்பளத்தில்தான். மற்ற நால்வருக்கும் ஏறக்குறைய அதே கதை. அதனால்தான் அன்று யாருக்கும் சோறு இறங்கவில்லை.

2. சவர்க்காரம் நுரைக்கவில்லை

மறுநாள் கொழும்பு மிஸ், நில்மினி, வாடகை வான் வண்டியில் வந்து இறங்கினார். சிங்களப் பெண். பை தைக்கிற சொந்தத் தொழில். என் அப்பாவும் தெற்கில் கடை வைத்திருந்தபடியால் எனக்குச் சிங்களம் வரும். அவர் பேசியதை எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன்.

சண்டைக்கு வரவில்லை என்பது முதல் பார்வையிலேயே தெரிந்தது. ஆனால் முகத்தில் சிரிப்பும் இல்லை.

“எனக்கு உங்கடை பிரேம்தான் விருப்பம்,” என்றார். “மூடுற சத்தம் நல்லா இருக்கு. வெளியிலயிருந்து வாறது ரெண்டு மாசத்திலை லூசாப் போகும். ஆனால் பச்சை ஊறின பேர்ஸை நான் ஆருக்கு விக்கிறது? சொல்லுங்கோ.”

குணம் அண்ணை தன் சந்தேகங்களை அடுக்கினார். பித்தளைத் தகட்டில் கலப்பு இருக்கலாம். லாக்கர் பழுதாக இருக்கலாம். கை வியர்வையாக இருக்கலாம். மிஸ் எல்லாவற்றையும் கேட்டார். பிறகு வேலையை ஆரம்பத்திலிருந்து காட்டச் சொன்னார்.

காட்டினோம். தகட்டை நாடாவாக வெட்டுவது, அதைத் துணி செருகுகிற பள்ளமாக மடிப்பது, அச்சில் வைத்து வளைப்பது, இரண்டு பாதியையும் பிணைச்சலில் ஆணி அடித்துச் சேர்ப்பது, குமிழ் ஒட்டுவது, அரம் போடுவது, பொலிஷ். பொலிஷ் மெழுகு பிரேமில் ஒட்டியிருக்கும். அதைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, அலசி, காயவைத்து, லாக்கரில் தோய்ப்போம்.

மிஸ்ஸின் கையிலும் பொலிஷ் கறுப்புப் பட்டுவிட்டது. கழுவப் பின்னால் கிணற்றடிக்குக் கூட்டிப் போனேன். அவர் சவர்க்காரத்தைத் தேய்த்தார், தேய்த்தார். நுரை வரவில்லை. கையில் வெள்ளையாய்ப் பிசுபிசுவென்று திரண்டது.

“இது என்ன தண்ணி?” என்றார்.

“உவர்த்தண்ணி மிஸ். குடிக்க ஏலாது. சட்டி பானை கழுவ, கால் முகம் கழுவத்தான்.”

அவர் கையை உதறிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“பிரேமை எதிலை கழுவுறீங்கள்?”

வாளி கிணற்றுக்கட்டில் இருந்தது. அதைத்தான் இருவரும் பார்த்தோம்.

மாரி காலத்தில் செய்த பிரேம்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மழை பெய்து கிணறு நிறைந்தால் உவர் குறையும். சோளகக் காற்று வீசுகிற கோடை மாதங்களில் கிணறு வற்ற வற்ற உப்பு ஏறும். பச்சை பிடித்தவை எல்லாம் அந்த மாதங்களில் செய்தவை. அலசிய தண்ணீரின் உப்பு பிணைச்சல் இடுக்கில் தங்கிவிடும். அதன் மேலே லாக்கரைப் பூசி மூடினால் உள்ளுக்குள் இருந்து பித்தளையைத் தின்னும்.

ஊகத்தை நம்பி இருக்கக்கூடாது என்றார் மிஸ். கொஞ்சப் பிரேம்களை உவர்த்தண்ணீரிலும் கொஞ்சத்தைக் குடிதண்ணீரிலும் அலசி, லாக்கர் போட்டு, ஈரச்சாக்கில் சுற்றி வைக்கச் சொன்னார்.

“ஒரு கிழமையிலை கோல் எடுங்கோ. பிறகு முடிவெடுப்பம்,” என்று சொல்லிவிட்டு வானில் ஏறினார். ஓடரை நிறுத்துகிறேன் என்று சொல்லவே இல்லை. அந்த ஏழு நாளைத் தந்ததற்கு இன்றுவரை அவருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சாக்கை அவிழ்த்தபோது பதில் தெளிவாக இருந்தது. உவரில் அலசியவற்றில் பச்சை தொடங்கியிருந்தது. மற்றவை போட்டபடி மின்னின. தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னேன்; நல்ல தண்ணீரில் அலசி மாற்று பிரேம்கள் அனுப்பச் சொன்னார் மிஸ்.

3. பூமணி அக்காவின் கேள்வி

காரணம் பிடிபட்டுவிட்டது. ஆனால் நல்ல தண்ணீருக்கு எங்கே போவது?

தீவுப்பகுதியில் கோடையைக் கழித்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் பாரம் தெரியும். பவுசர் லொறியில் தண்ணீர் வரும், சில நாள் வராது. சாட்டிப் பக்கம் போனால் நல்ல தண்ணீர்க் கிணறு இருக்கிறது. அங்கே குடமும் பிளாஸ்டிக் கானுமாக வரிசை நிற்கும். குடிக்கவும் உலை வைக்கவும் எடுக்கிற தண்ணீர் அது.

குணம் அண்ணை தான் போய்க் கேட்கமாட்டேன் என்றார். “எனக்கு வெக்கமாக் கிடக்கு. நீர் ஒருக்காப் போய்க் கதைச்சுப் பாரும், மலர்.”

ஒரு பின்னேரம் நான் போனேன். வரிசையில் எல்லாரும் தெரிந்த முகங்கள்தான். ஆனாலும் என் கதை முடிவதற்குள் பூமணி அக்கா இடுப்பில் கையை வைத்துவிட்டார். சாட்டிப் பக்கமே வீடு. மாடும் வாழையும் வைத்துச் சீவிக்கிறவர். கிணற்றடியில் யார் முதல், யார் பிறகு என்ற தகராறெல்லாம் அவருடைய வாயால்தான் தீரும்.

“என்ன பிள்ளை கதைக்கிறாய்? சனம் குடிக்கிற தண்ணியிலை நீங்கள் பித்தளை கழுவப் போறியளோ?”

“எல்லாக் கழுவலுக்கும் இல்லை அக்கா. முதல் ரெண்டு தரம் மெழுகு போகக் கழுவுறது எங்கடை உவர்த்தண்ணியிலைதான். கடைசியா முக்கி எடுக்க மட்டும் இது. முக்கின உடனை துணியாலை துடைச்சுப்போடுவம்.”

“கோடை முழுக்கவோ?”

“மழை பெய்யும் மட்டும்.”

“இது இல்லாட்டி?”

“பட்டறை பூட்டுப்படும் அக்கா.”

அவர் வரிசையைத் திரும்பிப் பார்த்தார். மாட்டேன் என்று சொன்னால் அதில் பிழை சொல்ல எனக்கு வாயில்லை. தாகத்துக்கு முன்னால் பித்தளை என்ன?

“சரி,” என்றார். “ஆனால் வரிசையிலை கடைசி ஆள் நீதான். பிள்ளைத்தாச்சி, கிழடு கட்டை, குஞ்சு குருமன் எல்லாம் எடுத்த பிறகுதான் உன்ரை கான். மற்றது, முக்கின தண்ணியை நிலத்திலை ஊத்தக்கூடாது. என்ரை வாழைக்குக் கொண்டுவந்து தர வேணும்.”

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. ஓம் என்றேன்.

4. ஆளுக்கொரு செம்பு

அதன் பிறகு பட்டறை வேலையின் ஒழுங்கே மாறியது. மூன்று தொட்டி வைத்தோம். முதல் இரண்டும் உவர். மூன்றாவதில் நல்ல தண்ணீர், அதுவும் அடுப்பில் வைத்துச் சூடாக்கி. சூட்டில் முக்கி எடுத்தால் பிணைச்சல் இடுக்கும் சீக்கிரம் காயும். நான் சைக்கிளில் கான்களைக் கட்டிக்கொண்டு போவேன், கடைசி ஆளாக நிற்பேன், வருவேன். முக்கிய தண்ணீர் பூமணி அக்காவின் வாழைக்குப் போகும்.

கொழும்புக்கு மாற்று பிரேம்கள் அனுப்ப வேண்டிய கிழமை அது. ஒரு பெரிய தொகுதி பொலிஷ் முடிந்து தயாராக இருந்தது. பொலிஷ் போட்ட பித்தளையை அப்படியே வைக்க ஏலாது. கடல் காற்றுப் பட்டால் கறுக்கத் தொடங்கும், திரும்பவும் முதலிலிருந்து வேலை. அன்று பார்த்துப் பவுசரும் வரவில்லை. கிணற்றடியில் வழக்கத்தைவிட நீளமான வரிசை. என் முறை வந்தபோது வாளி அடியில் தட்டியது. வந்தது கலங்கல்.

ஊறட்டும் என்று கொஞ்ச நேரம் பார்த்தேன். ஊறவில்லை. வெறும் கான்களைத் திரும்பவும் சைக்கிளில் கட்டினேன். யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கிற நாளும் அல்ல அது.

“நில்லு பிள்ளை,” என்றார் பூமணி அக்கா. “எங்கை போறாய்?”

“தண்ணி முடிஞ்சுது அக்கா. நாளைக்குப் பாப்பம்.”

“நாளைக்குப் பித்தளை கறுக்காதோ? முந்தி ஒருக்கா நீதானே சொன்னனீ?”

தன் குடத்தை இறக்கி வைத்தார். செம்பை எடுத்து மொண்டு, என் கானுக்குள் ஊற்றினார். பிறகு பக்கத்தில் நின்றவரைப் பார்த்தார். அவர் தன் வாளியிலிருந்து ஒரு செம்பு ஊற்றினார். அடுத்தவரும் ஊற்றினார். சைக்கிளில் ஏறிவிட்ட ஒருவர் இறங்கி வந்து ஊற்றினார்.

“வேண்டாம் அக்கா, வேண்டாம்,” என்று நான் கானின் வாயைக் கையால் மூடினேன்.

“கையை எடு. ஆளுக்கொரு செம்பு குறைச்சுக் குடிச்சால் நாங்கள் செத்துப்போகமாட்டம். உங்கடை ஆறு வீட்டு அடுப்பும் இந்த ஊர் அடுப்புத்தானே.”

நான் கையை எடுத்தேன். கான் நிறையும் வரை அவர்கள் ஊற்றினார்கள். வீதியில் சைக்கிளை ஓட்டவில்லை. தளும்பிவிடும் என்ற பயத்தில் உருட்டிக்கொண்டே வந்தேன்.

அந்தத் தண்ணீரை அடுப்பில் வைத்துவிட்டு மற்றவர்களுக்கு நடந்ததைச் சொன்னேன். அன்று பிரேம்களை முக்கி எடுத்ததைப் போல வேறு எந்த நாளும் நாங்கள் கவனமாக எடுத்ததில்லை. ஒரு துளி வெளியே சிந்தவில்லை. குணம் அண்ணை தானே துணியை எடுத்துக்கொண்டு வந்து எங்களோடு இருந்து துடைத்தார்.

5. பிறகு

நில்மினி மிஸ் அந்தப் பிரேம்களில் பைகளைத் தைத்தார். உடனே நல்லது என்று சொல்லவில்லை. கடற்கரைப் பக்கக் கடை ஒன்றில் சிலதைத் தொங்கவிட்டுப் பார்த்திருக்கிறார். ஒரு நாள் தொலைபேசியில் கூப்பிட்டார்.

“மலர், ஒரு பொட்டுப் பச்சை இல்லை. அடுத்த ஓடரும் உங்களுக்குத்தான்.”

குணம் அண்ணை நிம்மதியில் தலையில் இரு கையையும் வைத்துக்கொண்டு வாசல்படியில் இருந்துவிட்டார். மெஷின் விற்கிற பேச்சு அதோடு முடிந்தது. அடுத்த மாரிக்கு முன்னால் பட்டறைக் கூரைக்குப் பீலி போட்டு, மழைத்தண்ணீர் சேர்க்கிற தொட்டி கட்டினார். இப்போது நாங்கள் கிணற்றடியில் கான் வைப்பதில்லை.

ஆனால் தொலைபேசி வந்த அன்று நான் வீட்டுக்குப் போகவில்லை. ஒரு புதுப் பிரேமை எடுத்துக்கொண்டு நேரே கிணற்றடிக்குத்தான் போனேன். நின்றவர்களிடம் விஷயத்தைச் சொன்னேன். பூமணி அக்கா ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு பிரேமை வாங்கினார். திறந்தார், மூடினார். ‘டிக்’.

“இவ்வளவுதானோ?” என்றார். திரும்பவும் திறந்து மூடினார். முகம் மலர்ந்துவிட்டது. “வடிவாத்தான் கிடக்கு.”

பின்னால் நின்றவரிடம் கொடுத்தார். அவர் அடுத்தவருக்கு. வரிசை முழுவதும் அந்தச் சத்தம் ஒவ்வொரு கையாகப் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொருவரும் அதைத் தாங்களே செய்தது போலப் பார்த்தார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை.

இந்த வேலைக்கு வருகிற இளையவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். பழுது வந்தால் உலோகத்தைக் குறை சொல்ல அவசரப்படாதீர்கள். அதைத் தொட்டுப்போன எல்லாவற்றையும் பாருங்கள், தண்ணீர் உட்பட. பொருள் திருத்தமாக வந்தால், அதற்காகத் தங்கள் பங்கைக் குறைத்துக்கொண்டவர்கள் யார் என்றும் பாருங்கள். எங்கள் பட்டறையில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முதல் நாள் நான் அரமோ குறடோ கொடுப்பதில்லை. கிணற்றடிக்குக் கூட்டிப்போய் அங்கே நிற்பவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் காட்டுகிறேன்.