இலக்கத்துக்கு அடியில் இருந்த கோடுகள்

எங்கள் வீட்டுக் கராஜில் நிற்கும் அமெரிக்கக் காரின் உட்கண்ணாடியை இன்றுவரை யாரும் திருப்பவில்லை. என் கணவரின் அண்ணன் கடைசியாக ஓட்டியபோது எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது. அவரை நான் அத்தான் என்று கூப்பிடுவேன். நல்ல உயரமான மனிதர். ஒருநாள் மகளை மடியில் வைத்துக்கொண்டு அவருடைய இருக்கையில் உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்தேன். கண்ணாடியில் நானும் இல்லை, மகளும் இல்லை. காரின் கூரைத் துணி மட்டும் தெரிந்தது. உடனே இறங்கிவிட்டேன்.

நான் பிள்ளைத்தாச்சியாக இருந்தபோது, வேலையிடத்தில் இதயம் நின்று அத்தான் போய்விட்டார். ஜெர்மனியில் பான் நகருக்கு வெளியே உள்ள இந்த வீட்டில் கீழே அவருடைய மனைவி தனியாக இருக்கிறார். அவரை நான் அக்கா என்பேன். மேல்மாடியில் நாங்கள். வெள்ளிக்கிழமை விளக்கேற்றிய பிறகு அக்கா கராஜைத் திறந்து காரை ஸ்டார்ட் செய்வார். ஓடாமல் நின்றால் எஞ்சின் பழுதாகிவிடும் என்று அத்தான் சொல்லியிருந்தாராம். எங்கள் அலுமாரியில் கோப்பைகள் ஒன்றோடொன்று முட்டும். புகை மேலே வருமோ என்று நான் ஜன்னல்களை மூடுவேன், மூடியதைத் திரும்பவும் போய்ப் பார்ப்பேன். மகளோ அந்தச் சத்தம் கேட்டதும் சிரித்தபடி படிக்கட்டைப் பார்ப்பாள். வயிற்றில் இருந்தபோதும் அதற்குத்தான் உதைப்பாள். பெரியப்பாவை அவள் கண்டதே இல்லை. ஆனாலும் யாரோ வீட்டுக்கு வருவதுபோல ஒவ்வொரு முறையும் காத்திருப்பாள்.

அந்தக் கார் அறுபதுகளின் கடைசியில் செய்யப்பட்டது. மசில் கார் என்கிறார்கள். இரண்டு கதவு, நீளமான மூக்கு, அதற்குள் பெரிய எட்டுச் சிலிண்டர் எஞ்சின். அந்த வகையில் மிகப் பெரிய எஞ்சினோடு தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தவை கொஞ்சம்தான். அதனால் சாதாரணக் காரில் வேறொரு பெரிய எஞ்சினை இறக்கி, அதில் தொழிற்சாலை அடித்திருந்த இலக்கத்தை அராவி எடுத்துவிட்டு, காருக்குப் பொருந்தும் இலக்கத்தை அடித்து, "பிறந்த எஞ்சின்" என்று காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அத்தானுடையது பிறந்த எஞ்சின் என்று அவர் எல்லோருக்கும் சொல்லியிருந்தார். பழைய கார்ச் சங்கத்தின் ஒன்றுகூடலில், ஓய்வுபெற்ற கணித ஆசிரியரான ஜெர்மன்காரர் ஒருவர் எல்லோர் முன்னிலையிலும் குனிந்து பார்த்து, இலக்கங்கள் பிறகு அடித்தவை போல வரிசை பிசகி நிற்கின்றனவே என்றார். அத்தான் சிரித்துக்கொண்டு, "ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு வாருங்கோ. பூதக்கண்ணாடியும் கொண்டு வாருங்கோ" என்றாராம். அந்தச் சனிக்கிழமைக்கு முன்பே அவர் போய்விட்டார்.

அத்தான் போய் ஒரு வருடத்தில் செய்யும் ஆட்டத்திவசம் முடிந்த சில மாதங்களில், அந்த ஆசிரியரைக் கூப்பிடப்போவதாக அக்கா சொன்னார்.

"விடுங்கோ அண்ணி. செத்த மனுசனிலை என்ன வழக்கு?" என்றார் என் கணவர்.

"அவர் வரச் சொன்னவர். வந்து பாக்கட்டும். பொய்க்காரன் எண்ட பேரோடை அவரை விட எனக்கு ஏலாது."

ஆசிரியர் வந்த அன்று என் கணவருக்கு வேலை. அக்காவுக்குத் தெரிந்த ஜெர்மன் மொழி கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போதும், எஞ்சின் பேச்சுக்குப் போதாது. ஆகவே மொழிபெயர்க்க நான் நின்றேன், மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு. குளிருகிறதோ என்று அவளுடைய தொப்பியை இழுத்துவிட்டேன். வேர்க்கிறதோ என்று பிறகு தளர்த்தினேன்.

ஆசிரியரோடு சங்கத்தைச் சேர்ந்த ஒரு பெண்ணும் வந்தார், சொந்தமாக வேர்க்ஷொப் வைத்திருப்பவர். அவர் பாயை விரித்துக் காருக்கடியில் படுத்து, டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பின்பக்கம் வார்ப்புத் திகதி இருக்கு. தொழிற்சாலையிலை கார் பூட்டினதுக்குக் கொஞ்சம் முந்தி வார்த்த இரும்பு. பொருந்துது."

"பொருந்தத்தான் செய்யும். பொருந்தாத இரும்பையோ கள்ளன் தேடிப் பிடிப்பான்?" என்றார் ஆசிரியர்.

"உங்களுக்குப் பொருந்தினாலும் கள்ளன், பொருந்தாட்டிலும் கள்ளன். உங்கடை கார் உடுப்புத் தோய்க்கிற மெஷினின்ரை மோட்டரிலை ஓடுறதெண்டு சங்கத்திலை கதைக்கினம், தெரியுமோ?"

"அது ஒருநாளும் நடுரோட்டிலை நிண்டதில்லை."

"ரோட்டுக்கு வந்தால்தானே நிக்கிறதுக்கு!"

இருவரும் சிரித்தார்கள். மகளும் சிரித்தாள். ஒன்றும் விளங்காமல் அக்காவும் சிரித்தார். அந்த ஒரு நிமிடம் எல்லாம் நல்லபடியாக முடியும் என்று நம்பினேன்.

பிறகு ஆசிரியர் எஞ்சினின் முன்பக்கம், இலக்கம் அடித்திருந்த சின்ன மட்டமான இடத்தின் மேல் பூதக்கண்ணாடியைப் பிடித்தார். அதை இலக்கம் இலக்கமாக நகர்த்தினார். நிமிர்ந்து, பாடம் சொல்வதுபோல எனக்கு விளக்கினார். தொழிற்சாலையில் அந்த இடத்தை ஒரு இயந்திரம் சீவி மட்டமாக்கும். சீவிய அடையாளமாக மயிரிழை போன்ற கோடுகள் ஒரே திசையில் விழும். அவற்றின் மேல்தான் இலக்கத்தை அடிப்பார்கள். இலக்கத்தை அராவி எடுத்தால் கோடுகளும் போய்விடும். "இதிலை ஒரு கோடும் இல்லை. வழுவழுவெண்டு கிடக்கு."

அந்தப் பெண்ணும் பார்த்தார். கட்டைவிரலால் தடவிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். "தேய்ச்சிருக்கு," என்றார், மெதுவாக.

"அவர் தானே செய்தாரெண்டு நான் சொல்ல வரேல்லை. ஆனால் அவருக்குத் தெரிஞ்சிருக்கும். மன்னிக்க வேணும்," என்றார் ஆசிரியர்.

அக்கா என் முகத்தைப் பார்த்தார். "என்னவாம் பிள்ளை?"

மகளை மறு இடுப்புக்கு மாற்றினேன். கடந்த நவராத்திரி நினைவுக்கு வந்துவிட்டது. அத்தான் போன பிறகு வந்த முதல் ஆயுத பூசை. அவர் இருந்தபோது எஞ்சினைத் தானே துணியால் துடைத்துப் பொட்டு வைப்பார். இலக்கம் இருந்த இடத்தில் கிறீஸ் பூசி வைத்திருப்பார், யாரும் தொடுவதில்லை. அந்த வருடம் அக்கா செய்தார். பூச்சு இல்லாத அந்த ஒரு இடத்தில் கிறீஸ் காய்ந்து துரு ஏறியிருந்தது. துரு தேய்க்கும் தாளை எடுத்து, குத்துவிளக்கைத் துலக்குகிற பக்தியோடு மினுங்கும்வரை தேய்த்தார். பிறகு சந்தனமும் குங்குமமும் வைத்தார். நான் பக்கத்தில் நின்றேன்.

சொன்னால் அத்தானின் பெயர் தப்பலாம். ஆனால் அவருடைய சாட்சியை அழித்தது தன் கைதான் என்று அக்காவுக்குத் தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் அவர் கள்ளனாகவே இருப்பார். எது பெரிய பாவம் என்று யோசித்து முடிப்பதற்குள், நான் ஜெர்மனில் சொல்லத் தொடங்கிவிட்டிருந்தேன். எங்கள் பண்டிகை, கருவிகளையும் வாகனத்தையும் துலக்கி வணங்குவது, எல்லாவற்றையும் சொன்னேன்.

"எதாலை தேய்ச்சவ?" என்று கேட்டார் ஆசிரியர்.

நான் அக்காவைக் கேட்டேன். அவர் கராஜின் சுவர்த்தட்டிலிருந்து அந்தத் தாளை எடுத்து வந்தார். "இதாலைதான். பாரும், என்ன மாதிரி மினுங்குதெண்டு."

ஆசிரியர் தாளை வாங்கி விரலால் உரசினார். திரும்பவும் குனிந்தார். இப்போது அந்தப் பெண் டோர்ச் பிடித்தார். தாளின் கீறல்கள் இலக்கங்களின் விளிம்பையும் சேர்த்து மழுக்கியிருப்பதாகவும், ஆகவே இலக்கம் அடித்த பிறகே தேய்த்தது உண்மை என்றும் அவர் சொன்னார். ஆசிரியர் தலையாட்டினார். "அதுக்கு முந்தி என்ன இருந்ததெண்டு இனி ஒருத்தராலும் சொல்ல ஏலாது. நான் சொன்னதையும் மெய்யெண்டு காட்ட ஏலாது. அவர் சொன்னதையும் ஏலாது." அத்தானின் போனில் இருந்த பழைய எஞ்சின் படத்தையும் காட்டினேன். இலக்கம் இருந்தது. ஃப்ளாஷ் வெளிச்சம் சரியாக அந்த இடத்திலேயே விழுந்து, இலக்கத்தைச் சுற்றி வெள்ளையாக எரிந்திருந்தது.

போகும்போது ஆசிரியர் அக்காவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். சங்கத்தில் தான் பேசியதைத் திரும்ப வாங்கிக்கொள்வதாகச் சொல்லச் சொன்னார், அந்தக் கோடுகளைப் பற்றியும், அவை இருந்தனவா என்று இனித் தெரியாது என்பதையும். சொன்னேன். அக்கா கேட்டுக்கொண்டிருந்தாலும் கண் அந்தத் தாளில்தான் இருந்தது.

கராஜ் கதவை இறக்கியபின் கேட்டார்: "நான்தான் அழிச்சுப்போட்டன், என்ன?"

"உங்களுக்குத் தெரியாதுதானே அக்கா."

"பொய்க்காரன் எண்டு வாறதைவிட இது பரவாயில்லை." கதவைப் பூட்டினார். "நீர் அண்டைக்குப் பக்கத்திலை நிண்டனீர்தானே. நான் தேய்க்கேக்கை அதிலை கோடு இருந்ததோ? எனக்குக் கண்ணாடி இல்லாமல் கிட்டத்திலை ஒண்டும் தெரியாது."

அன்று நான் இரும்பைப் பார்க்கவே இல்லை. மகள் அப்போதுதான் எட்டி எட்டிப் பிடிக்கப் பழகியிருந்தாள். அவளுடைய விரல் பொனெட் விளிம்பில் நசுங்கிவிடுமோ என்று அந்தக் கையை மட்டுமே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இருந்தது அக்கா," என்றேன். "மெல்லிய கோடுகள். எல்லாம் ஒரே பக்கமாய்."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். அன்றிரவு அவர் நன்றாகத் தூங்கியதாக மறுநாள் சொன்னார்.

நான் தூங்கவில்லை. அதற்குப் பிறகு, மகளுக்குச் சோறு ஊட்டும்போதும் உடுப்பு மடிக்கும்போதும் அந்த ஆயுத பூசை வந்து நிற்கிறது. அக்காவின் கை தாளோடு முன்னும் பின்னும் போகிறது. அதற்கடியில், துருவுக்குள்ளே, கோடுகள் இருக்கின்றன. மயிரிழை போல, ஒரே திசையில். மகளின் கையை எவ்வளவு தெளிவாகக் கண்டேனோ, அவ்வளவு தெளிவாக இப்போது அவற்றையும் காண்கிறேன். ஆசிரியர் சொல்லித்தான் என் கண் அவற்றை வரைந்துகொண்டதா, உண்மையிலேயே அன்று கண்டேனா என்று பிரித்தறிய முடியவில்லை. கேட்பதற்கு வேறு யாரும் அங்கே நிற்கவில்லை.